நான் மிச்சம் பிடித்த காது வண்டி

அரசாங்கச் செலவு எப்படி வளர்ந்தது, வருமான வரி எப்படிப் பிறந்தது என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். புதிதாக அரசு வேலைக்கு வந்திருக்கும் உங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயன்படுமாம். வேலையை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆனால் இந்த விஷயத்தைத் தொட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. கோபத்தோடேயே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் மடித்து வையுங்கள்.

சரித்திரத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வருமான வரி பிள்ளைகளைப் படிப்பிக்கவோ நோயாளியைப் பார்க்கவோ பிறந்ததல்ல. பிரெஞ்சுக்காரனோடு சண்டை பிடிக்கக் காசு போதாமல் ஆங்கிலேயன் கொண்டுவந்த வரி அது. தற்காலிகம் என்றான். சண்டை முடிந்ததும் நீக்கினான், பிறகு கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பவும் தற்காலிகம் என்று சொல்லியே கொண்டுவந்தான். இன்றைக்கும் அது அங்கே தற்காலிகமாகத்தான் இருக்கிறது! இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்ததை அடக்கிய செலவை இந்தியர் தலையிலேயே கட்டுவதற்காக 1860இல் வந்தது. நாம் இப்போது ஆக்லாந்தில் இருக்கிறோமே, இந்த நாட்டில் 1891இல், சொத்து வரிக்குப் பதிலாக, வசதியுள்ளவர்களைப் பார்த்து வந்தது. இரண்டு உலக யுத்தங்கள் அதைக் கூலிக்காரனின் சம்பள உறைக்குள்ளும் கொண்டுபோய்விட்டன. அதற்கிடையில் அதே காசு பென்ஷனாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறத் தொடங்கியிருந்தது. துப்பாக்கி வாங்கப் பிறந்த வரி காய்ச்சல் மருந்தும் வாங்கப் பழகிக்கொண்டது. இவ்வளவுதான். மிச்சத்தைப் புத்தகத்தில் படியுங்கள்.

இனி புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கணக்குக் கிளாக்கராக இருந்துவிட்டு 1982இல் ஆக்லாந்துக்கு வந்தவன். இங்கே ஒரு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம், அந்த அலுவலகமே இப்போது இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுகாதாரத்துக்கு ஒதுக்கிய காசை ஒவ்வொரு சேவைக்கும் பிரித்து, செலவைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்தச் சேவைகளில் ஒன்று காது வண்டி. ஒரு பழைய கேரவன். அதற்குள் காது கேட்கிறதா என்று சோதிக்கும் கருவி ஒன்று, ஒரு கட்டில், ஒரு தாதி. ஆக்லாந்தின் மங்கரேயிலும் ஒனிஹங்காவிலும் உள்ள பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் காதைப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் சீழ் கட்டும். கவனிக்காவிட்டால் செவிப்பறை கெட்டுவிடும். வகுப்பில் ரீச்சர் சொல்வது பிள்ளைக்குக் கேட்காது. ரீச்சர் அதை மக்குப் பிள்ளை என்று பின்வரிசை வாங்கில் இருத்திவிடுவார். நேரத்துக்குக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சின்ன ஒப்பரேஷனோடு சரி.

அந்தத் தாதியின் பெயர் லட்சுமி. ஃபிஜியில் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வம்சம். வீட்டில் பேசுவது ஹிந்தி, என்னோடு மட்டும் தட்டுத் தடுமாறித் தமிழில் பேசுவார். என்னை அண்ணே என்பார். அவருடைய கணவர் கார்ப் பட்டறையில் வேலை செய்தார். கேரவனுக்கு என்ன வந்தாலும் சனிக்கிழமை காலையில் அவர் தன் வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்திக் கொடுத்துவிடுவார். சல்லிக்காசு வாங்கமாட்டார். லட்சுமி கட்டிலில் விரிக்கும் துவாய்களைத் தன் வீட்டிலேயே தோய்த்தார். அலுவலகக் கார் கிடைக்காத நாளில் சொந்தக் காரில் கேரவனைக் கொளுவி, சொந்தப் பெற்றோலில் ஓடினார். பில் எங்கே என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னண்ணே இது, நம்ம புள்ளைங்களுக்குப் பாக்குறதுக்குப் பில்லா?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சந்தோஷமாகவும் இருந்தது. யாழ்ப்பாணத்தாரான எங்களைப் பனங்கொட்டை சூப்பி என்று ஊரே கேலி செய்யும் அல்லவா? வந்த கடித உறையைப் பிரித்து உள்பக்கத்தில் கணக்கு எழுதும் சாதி. எனக்கு வாய்த்த தாதியும் என்னைப் போலவே என்று நினைத்தேன். பில் இல்லாததால் என் புத்தகத்தில் செலவு இல்லை. அவ்வளவுதான் நான் பார்த்தது. மோடன், முழு முட்டாள்!

மார்ச் மாதம் வந்தது. அந்தக் காலத்தில் மார்ச் முடிவோடு அரசாங்கத்தின் ஆண்டு முடியும். முடிவதற்கு மூன்று கிழமைக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு விசர்க்கூத்துத் தொடங்கும். ஒருவன் கம்பளம் வாங்குவான். ஒருத்தி அலமாரி வாங்குவாள். போன வருஷம் வாங்கிய நாற்காலி பிளாஸ்ரிக் உறை கழற்றாமல் ஸ்ரோருக்குள் கிடக்கும், இந்த வருஷமும் பத்து வரும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வந்த புதிதில் சம்பளச் சீட்டில் வரி வெட்டியதைப் பார்த்துத் திடுக்கிட்டவன் நான். அந்த வரியிலா இத்தனை கம்பளம்?

என் பிரிவுத் தலைவர் இந்த நாட்டின் தெற்குத் தீவுக்காரர். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். காது வண்டியின் கணக்கில் கால்வாசிக்கு மேல் மிச்சம் கிடப்பதைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“மேட், மார்ச்சில் மிச்சம் வைக்கிறவன் ஏப்ரலில் அழுவான். வண்டிக்கு நாலு டயர் வாங்கு. இல்லையென்றால் கூரைக்குப் பெயின்ட் அடி.”

“டயர் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“டயரைப் பற்றி நான் கதைக்கவில்லை” என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை. விளங்க விரும்பவுமில்லை. கச்சேரியில் நாங்கள் மிச்சக் காசைச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்போம். அதுதான் நேர்மை என்று இருபது வருஷம் பழகியவன். 1984 மார்ச்சில் காது வண்டியின் மிச்சத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே ஒரு பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். கவனமாக நிர்வகித்தால் இந்தச் சேவையை இவ்வளவு குறைந்த செலவில் நடத்தலாம் என்று எழுதினேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன்.

தலைநகர் வெலிங்டனிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மனுசியிடம் காட்டினேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே வாசித்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை தன்ரை காசிலை பெற்றோல் அடிச்சதையும் இதுக்குள்ளை எழுதினனீங்களோ?”

“அது என்ரை வேலையில்லை.”

“அப்ப ஆரின்ரை வேலை?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. கிளாக்கர் வேலையைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கத்தினேன். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. கேட்கவேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவள் அவள்தான்.

ஏப்ரலில் புதிய ஒதுக்கீடு வந்தது. நான் திருப்பிக் கொடுத்த தொகையை அப்படியே வெட்டியிருந்தார்கள். குறைந்த செலவில் நடத்தலாம் என்று நானே சொல்லியிருக்கிறேனே! பிரிவுத் தலைவர் அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். லட்சுமி மட்டும், “பரவால்லண்ணே, சமாளிச்சுக்குவோம்” என்றார்.

சமாளித்திருப்பார்கள். ஆனால் செப்ரெம்பரில் அவருடைய கணவர் பட்டறையில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அடுத்த மாதமே கேரவனின் அச்சு உடைந்தது. லட்சுமி என் அலுவலகத்துக்கே வந்தார்.

“அண்ணே, இனிமே கராஜுக்குத்தான் குடுக்கணும். அவரு எந்திரிக்கவே முடியல. நானும் ஓவர்டைம் பாத்தாத்தான் வாடகை. துணி தொவைக்க, பெட்ரோல் போட, எல்லாத்துக்கும் ஆபீஸ்தான் குடுக்கணும். நீங்க சொல்லுங்க.”

கராஜ் பில் வந்தது. துவாய் தோய்த்த பில் வந்தது. பெற்றோல் பில் வந்தது. எல்லாம் நியாயமான பில். கிறிஸ்துமசுக்கு முன்பே அந்த வருஷத்துக் காசு முடிந்துவிட்டது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். 1984 நடுவில் அரசாங்கம் மாறியது. செலவை வெட்டு, சேவையை எடுக்கிறவனே காசு கட்டட்டும் என்பதே பேச்சு. கோட் போட்ட பொடியன்கள் ஒவ்வொரு அலுவலகமாக வந்து எதை மூடலாம் என்று பார்த்தார்கள். 1985 தொடக்கத்தில் எங்களிடமும் மூன்று பேர் வந்தார்கள். மீளாய்வுக் குழு என்று பெயர்.

காது வண்டியின் முறை வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுதிய அதே குறிப்பு மேசையில் கிடந்தது. ஒருவன் அதைத் தட்டிக் கேட்டான். “உங்கள் குறிப்புப்படி இதை இவ்வளவில் நடத்தலாம். இப்போது அதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். உங்கள் பழைய கணக்குப் பிழையா, அல்லது இப்போது விரயம் நடக்கிறதா?”

இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம் என்பதுபோல் கேட்டான். மூன்றாவதாக ஒன்று இருந்தது, அது எனக்குத் தெரியும். முந்திய வருஷம் அந்த வண்டியை ஓட்டியது அரசாங்கம் மட்டுமல்ல, லட்சுமியின் குடும்பமும்தான். அவர்கள் போட்ட உழைப்புக்கு என் புத்தகத்தில் இடமே இருக்கவில்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம்.

நான் சொல்லவில்லை.

ஏன் என்று இத்தனை வருஷமாக என்னை நானே கேட்கிறேன். 1983 ஆடிக் கலவரத்தில் என் தங்கையின் வீடு கொழும்பில் எரிந்துபோய், அவளும் பிள்ளைகளும் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக் கிடந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பிக்க நான் பொறுப்புக் கையெழுத்துப் போட்டிருந்தேன். என் வேலை போனால் அவர்களுடைய விசா போச்சு. அந்தப் பயம் உண்மை. ஆனால் அது பாதிதான். மற்றப் பாதி, என் பாராட்டுக் கடிதம். என் மிச்சம் பொய் மிச்சம் என்று அந்தப் பொடியன்களுக்கு முன்னால் என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கையைச் சாட்டி நான் தப்பமாட்டேன்.

“என்னுடைய கணக்குச் சரி” என்றேன்.

“அப்படியென்றால் விரயம்” என்று அவன் எழுதிக்கொண்டான். பிரிவுத் தலைவர் மூலையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

மே மாதம், இந்த நாட்டில் குளிர் தொடங்கும்போது, காது வண்டியை நிறுத்தினார்கள். லட்சுமி சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“விரயம்னு எழுதியிருக்காங்களாம். நீங்க இருந்தீங்களாமே அங்க?”

“இருந்தன்.”

“ஒண்ணும் சொல்லலியா அண்ணே?”

நான் சாவி ரசீதை எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். நான் அவருடைய பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தேன். ரசீதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் என்னோடு இங்கிலீசில்தான் பேசினார்.

எங்கள் மாடியைச் சுத்தம் செய்ய அனா என்று ஒரு தொங்கா நாட்டுப் பெண் ஐந்து மணிக்கு வருவாள். மங்கரேயில் வீடு. பகலில் விமான நிலையத்தில் வேலை, பின்னேரம் எங்களிடம். அவளுடைய மகள் லிசிக்கு ஏழு வயது. போன குளிர்காலத்தில் காது வண்டியில் லட்சுமிதான் அந்தப் பிள்ளையின் காதைப் பார்த்து, அடுத்த குளிருக்குக் கவனமாக இருக்கவேண்டும், மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஜூன் மாதம் அனா என்னைக் கேட்டாள்.

“மிஸ்டர் நாதன், வண்டி எப்போது வரும்? லிசி காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.”

“இந்த வருஷம் வராது. டொக்டரிடம் கொண்டுபோ.”

“டொக்டருக்குக் காசு வேண்டுமே. வேலையில் லீவும் தரமாட்டான்” என்றாள். பிறகு, பரவாயில்லை, பார்க்கிறேன் என்று தரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

நான் என்ன செய்திருக்கலாம்? என் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். லட்சுமியைக் கூப்பிட்டிருக்கலாம், அவர் ஓடி வந்திருப்பார். நான் வருந்தினேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். சீ!

அனா சம்பளம் எடுத்து டொக்டரிடம் போய், அவர் ஆஸ்பத்திரிக்கு எழுதி, ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, ஒக்ரோபரில்தான் பார்த்தார்கள். இடது செவிப்பறை கரைந்துவிட்டதாம். வலது காதும் அரைவாசிதான். நாலு மாதம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

அதைக் கேட்ட மறுநாள்தான் எனக்கு விசர் பிடித்தது. என்னுடைய அந்த மிச்சம் எங்கே போனது என்று தேடினேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை, கணக்குப் பார்க்க மட்டும் முடியும். இரண்டு நாள் பழைய பேரேடுகளைப் புரட்டினேன். காது வண்டியிலிருந்து வெட்டிய தொகை பல்வகை என்ற தலைப்புக்குள் போயிருந்தது. பல்வகை என்றால் யாரும் எதுவும் செய்யலாம். அந்தத் தலைப்பிலிருந்து மீளாய்வுக் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் ஹோட்டல், வாடகைக் கார், மத்தியானச் சாப்பாடு. வைன் போத்தலுக்கும் பில் இருந்தது. ஒவ்வொரு பில்லும் ஒழுங்காகக் குத்தி, கையெழுத்துப் போட்டு இருந்தது. லட்சுமி காசு வாங்காமல் மிச்சம் பிடித்ததில் சாப்பிட்டுவிட்டு, லட்சுமி விரயம் செய்கிறார் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், கோதாரியில் போவார்!

பிள்ளைகளே, செலவை வெட்டச் சொல்லி உங்களிடமும் வருவார்கள். அரசாங்கத்தில் விரயம் இல்லை என்று நான் சொல்லவில்லை, கம்பளத்தை என் கண்ணாலேயே பார்த்தவன். வெட்டவேண்டியதை வெட்டுங்கள். ஆனால் ஒரு இடத்தில் செலவு குறைந்திருக்கிறது என்று கண்டால், அந்த வேலையை இப்போது யார் சும்மா செய்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். நாற்காலியில் இருந்துகொண்டு பார்க்காதீர்கள். எழும்பிப் போய்ப் பாருங்கள். கேட்கிறவன் இரண்டு பதில்தான் இருக்கிறது என்று சொன்னால், மூன்றாவதைச் சொல்லுங்கள். வேலை போகாது. போனாலும் வேறு வேலை கிடைக்கும். என் தங்கை குடும்பம் பிறகு வந்து சேர்ந்தது, நான் அன்று வாயைத் திறந்திருந்தாலும் வந்திருப்பார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இதை இதோடு நிறுத்தலாம். ஆனால் நான் நல்லவனாக முடிந்ததுபோல் ஆகிவிடும். அது பொய்.

அந்த ஹோட்டல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது அனா வந்தாள். பார்த்துக்கொள்ள வீட்டில் யாருமில்லாததால் லிசியையும் கூட்டி வந்திருந்தாள். பிள்ளையை என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் இருத்தி, படம் கீறக் கடதாசி கொடுத்தாள். பிறகு ஏப்ரனுக்குள்ளிருந்து தன் சம்பளச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“மிஸ்டர் நாதன், நீங்கள் காசு விஷயம் தெரிந்தவர். இந்த இடத்தில் வெட்டியிருப்பது என்ன?”

“அது வருமான வரி.”

“ஒவ்வொரு கிழமையும் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், எனக்குக் கோபமில்லை. அது எங்கே போகிறது என்றுதான் கேட்கிறேன். பிள்ளைகளுக்குத்தானே?”

பில்லின் மேல் என் கையை வைத்தேன். அவளுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியும். கையை எடுத்திருந்தால் அவளே வாசித்திருப்பாள்.

“ஓம் அனா. பிள்ளைகளுக்குத்தான்” என்றேன்.

“அப்ப சரி” என்றாள். அவளுடைய முகம் இளகியது. நன்றி சொல்லி, சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வாளியோடு அடுத்த அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து மகளைக் கூப்பிட்டாள். இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் நல்ல சத்தமாகவே கூப்பிட்டாள். லிசி தலை நிமிராமல் படம் கீறிக்கொண்டிருந்தது. நான்தான் அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டி, அம்மா கூப்பிடுகிறாள் என்று கையைக் காட்டினேன்.